பிள்ளை வாயிலாக வந்த காதல்



வேலைத்தலத்தில் அரும்பும் காதல் என்றதும், கந்தோரும் கணினியும் வந்த பிறகு தோன்றிய சங்கதி என்று சிலர் எண்ணலாம். சங்க அகப்பாடல்களைச் சற்றே நினைத்துப் பாருங்கள். குறிஞ்சித் தலைவி தலைவனைக் காண்பது தினைப்புனத்தில். அவள் அங்கே பொழுதுபோக்க வந்தவளல்லள். கிளி ஓட்டும் வேலைக்கு வந்தவள். நெய்தல் தலைவி காயவைத்த மீனைப் பறவைகள் கொத்தாமல் காத்து நிற்கிறாள். அகநானூற்றில் அம்மூவனார் காட்டும் உமணர் மகள் சேரிதோறும் உப்பு விற்றுத் திரிகிறாள். அப்படித் திரிபவளைக் கண்டே ஒருவன் நெஞ்சைப் பறிகொடுக்கிறான். திருகோணமலைக் கரையில் கருவாட்டு வாடிகளைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு இந்தப் பாடல்களுக்கு உரையாசிரியர் தேவையில்லை.

ஆயினும் இவர்கள் யாவரும் முதற்காதலில் நிற்கும் இளையவர்கள். ஒரு பிள்ளையைத் தனியே வளர்க்கும் தாயோ தந்தையோ மீண்டும் ஒருவரை விரும்பினால் அந்த விருப்பத்துக்கு நம் இலக்கணத்தில் இடம் எங்கே? மனைவியை இழந்தவன் நிலைக்குத் தபுதார நிலை என்றும், கணவனை இழந்தவள் நிலைக்குத் தாபத நிலை என்றும் தொல்காப்பியர் பெயர் தந்தார். இரண்டையும் அவர் வைத்தது புறத்திணையியலில், காஞ்சித்திணையில். துயரத்துக்குத் துறை உண்டு; துயரத்தின் பின் வரும் வாழ்வுக்குத் துறை இல்லை. வழக்கமோ இலக்கணத்தைவிடத் தாராளமாக இருந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட யாழ்ப்பாணத்துத் தேசவழமை மறுமணத்தையும் முதல் மணத்துப் பிள்ளைகளின் சொத்துரிமையையும் கூச்சமின்றிப் பேசுகிறது.

சாத்திக் கிடந்த இந்தக் கதவைத் தட்டியவர்களுள் ஒருவர் பாரதியார். அவருடைய 'சந்திரிகையின் கதை'யில் விசாலாட்சி இளம் விதவை. அண்ணன் மனைவி கோமதி ஒரு பெண் குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். அந்தக் குழந்தை சந்திரிகையை வளர்க்கும் பொறுப்பு விசாலாட்சி தலையில் விழுகிறது. அவள் குழந்தையோடு முடங்கிக் கிடக்கவில்லை; மறுமணத்துக்கு வழிதேடிப் புறப்படுகிறாள். ஜி. சுப்பிரமணிய ஐயரையும் வீரேசலிங்கம் பந்துலுவையும் கதைக்குள்ளேயே நடமாட விடுகிறார் பாரதியார். விதவையான தம் மகளுக்கு 1889இல் மறுமணம் செய்துவைத்தவர் அந்தச் சுப்பிரமணிய ஐயர் என்பது நேயர்கள் அறிந்ததே. கதை முற்றுப்பெறவில்லை, 1921இல் பாரதியார் மறைந்தார். என்னை வியக்கவைப்பது அதன் தலைப்பு. நாயகி விசாலாட்சியாக இருக்க, கதைக்கு வைத்த பெயர் பிள்ளையினுடையது.

நம்மூருக்கும் இதில் பங்குண்டு. திருகோணமலையில் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளையை 1895இல் வந்த 'மோகனாங்கி' நாவலுக்காகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். அதற்கு முன், 1892இலேயே, 'தத்தை விடு தூது' என்ற சிறு நூலில் பெண்ணின் மனவிருப்புக்காக வாதாடியவர் அவர். தூது போனது கிளி.

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை தாயற்ற பிள்ளைகளையும் தந்தையற்ற பிள்ளைகளையும் விட்டுச் சென்றது. 2006இல் மூதூர் கிழக்கும் ஈச்சிலம்பற்றும் இடம்பெயர்ந்தன. இலங்கைத்துறை முகத்துவாரத்து மக்களும் அகதிகளானார்கள். தனித்துப் பிள்ளை வளர்ப்போர் இல்லாத கிராமம் இங்கே அரிது. ஆனால் மாணவர் சிறுகதைப் போட்டிகளுக்கு நடுவராக இருக்கும்போது நான் வாசிப்பவை இரண்டே வகை. ஒன்றில் அந்தத் தாய் மெழுகுவர்த்தியாக உருகுகிறாள். மற்றதில் ஊர்ப்பழி தாங்காமல் கிணற்றில் விழுகிறாள். அவள் ஒரு நாளாவது சிரித்தாள் என்று எழுத ஏன் இவ்வளவு தயக்கமோ தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். வாடைக்காற்றுக் காலத்தில் படகு கவிழ்ந்து கணவன் இறந்தபின், ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் வேலைக்குப் போனாள். பாடசாலை விட்டதும் மகளும் அங்கே வந்துவிடுவாள். மேசையின் ஓரத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்வாள். களஞ்சியத்துக்குப் பொறுப்பானவர் பிள்ளைக்குப் பென்சில் சீவிக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கப் பழக்கினார். தாயோடு அவர் பேசியதெல்லாம் அரிசி மூட்டைக் கணக்குத்தான். ஒருநாள் பிள்ளை தேர்ச்சி அறிக்கையை அவரிடம் நீட்டி, "நீங்களே கையெழுத்து வையுங்கோ சேர்" என்றாளாம். "அது அம்மா வைக்கவேணும்" என்று திருப்பிக் கொடுத்தார். தாய் கையெழுத்து வைத்தாள். அன்றைக்குக் கணக்கை மூன்று தரம் கூட்டியும் சரிவரவில்லை என்று பின்னாளில் அவளே எங்கள் வீட்டில் சொல்லிச் சிரித்தாள்.

அவள் அஞ்சியது ஊர் வாய்க்கல்ல, மாமியாருக்கு. மகனைக் கடலுக்குக் கொடுத்த அந்தக் கிழவிக்கு மிஞ்சியிருந்தது பேத்தி ஒருத்திதான். கடைசியில் பேச்சைத் தொடங்கியதும் அவவேதான். "அந்தத் தம்பி நல்ல மனுசனாத்தான் தெரியுது, பிள்ளை. பேத்தியை மட்டும் என்னட்ட வந்து போக விடு." பேத்தி கடிகாரம் பார்க்கப் பழகிய கதையை ஆச்சியிடம் நாள்தோறும் ஒப்புவித்திருக்கிறாள்!

மருதத்திணையில், பரத்தையிற் பிரிந்து வந்த தலைவன் மகனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைவான். பிள்ளையைக் கண்ட தலைவி ஊடல் தணிவாள். புதல்வனை வாயிலாகக் கொள்ளுதல் என்பார்கள். பழைய இலக்கியத்தில் பிள்ளை வாயிலானது தவறிய தகப்பனுக்காக. இங்கே ஒரு பெண்பிள்ளை, தவறேதும் செய்யாத இருவருக்காக வாயிலாகியிருக்கிறாள். துறை வகுத்த பழைய புலவர்கள் இன்றிருந்தால் இதற்கும் ஒரு பெயர் வைத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

பதிவுத் திருமணம் எளிமையாக நடந்தது. ஆச்சி முன்வரிசையில் இருந்தா. இறந்த தகப்பனின் படம் புது வீட்டுச் சுவரிலும் மாட்டப்பட்டிருக்கிறது. மகள் கேட்டதால் மாட்டியவர் இவர். அவள் இவரை இன்னமும் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறாள். அவர் திருத்தவில்லை.