அமானிதமும் அச்சமும்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சற்று முன் பொருளாளர் அவர்கள் வரவு செலவுக் கணக்கை வாசித்தளித்தார்கள். நம் பொதுநிதி வங்கியில் இருக்கின்றது. நம்மில் பலர் பிள்ளைகளின் திருமணத்திற்கெனச் சேர்த்த தொகையும் அங்கேதான் இருக்கின்றது. "அந்த வங்கி நாளை திறக்காது" என்றொரு செய்தி இன்றிரவு நம் கைப்பேசிக்கு வந்தால் நாம் என்ன செய்வோம்? இதற்கு விடை தேடவே, 2023 மார்ச்சில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துரைக்க விழைகின்றோம்.

கலிபோர்னியாவில் 1983இல் தொடங்கப்பட்டது சிலிக்கான் வேலி வங்கி. புதிய தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றுக்கு முதலீடு அளிப்போருமே அதன் முக்கிய வாடிக்கையாளர்கள். 2022 இறுதியில் அதன் வைப்புத்தொகை ஏறத்தாழ 17,500 கோடி டாலர். எந்த வங்கியும் வைப்புப் பணம் முழுவதையும் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை. இவ்வங்கி பெரும்பகுதியை நீண்டகாலக் கடன் பத்திரங்களில் போட்டிருந்தது. 2022இல் அமெரிக்க மைய வங்கி வட்டி விகிதத்தை வேகமாக உயர்த்தவே, பழைய பத்திரங்களின் விலை சரிந்தது. முதிர்வு வரை காத்திருந்தால் முழுத்தொகையும் கிடைக்கும். அவசரமாக விற்றால் நட்டம்.

மார்ச் 8ஆம் நாள், பத்திரங்களை விற்றதில் 180 கோடி டாலர் நட்டம் என்றும், புதிய மூலதனம் திரட்டப் போவதாகவும் வங்கி அறிவித்தது. முதலீட்டாளர் சிலர் தம் நிறுவனங்களுக்கு, "பணத்தை உடனே எடுத்துவிடுங்கள்" என அறிவுறுத்தினர். செய்தி கைப்பேசி வழியே பரவியது. மறுநாள் ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அதற்கடுத்த நாள் மேலும் 10,000 கோடி டாலர் கேட்டு விண்ணப்பங்கள் காத்திருக்க, மார்ச் 10 அன்று அரசு அவ்வங்கியை மூடியது.

இதில் குற்றவாளி யார்? முதற்பொறுப்பு வங்கி நிர்வாகத்தையே சாரும். 2022இல் பல மாதங்கள் இடர்களைக் கண்காணிக்கும் தலைமை அதிகாரியே இல்லாமல் அவ்வங்கி இயங்கியது. பிறர் பணத்தைக் காப்பவர் செய்யத்தகாத அலட்சியம் இது.

பணத்தை எடுத்தவர்களைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. காப்பீட்டு வரம்போ 2.5 இலட்சம் டாலர். பெரும்பாலான வைப்புகள் அதற்கு மேற்பட்டவை. ஊழியர்களுக்குச் சம்பளம் தர வேண்டிய ஒருவர் அப்பணத்தைக் காக்க முனைவது கடமையே. ஆயினும், தன் பணத்தை எடுப்பது வேறு. ஊரையே அச்சுறுத்தி ஓடச் செய்வது வேறு. செல்வாக்குள்ள ஒருவரின் சொல் ஆயிரம் பேரின் கால்களை நகர்த்தும். ஒவ்வொருவரும் தமக்கு அறிவுடைமை எனக் கருதிச் செய்தது, அனைவரையும் சேர்த்து வீழ்த்தியது. வங்கி மூடிய பின், நூற்றுக்கும் மேற்பட்ட முதலீட்டு நிறுவனங்கள், நல்ல கரங்களுக்கு மாறினால் அவ்வங்கியை ஆதரிப்போம் என அறிக்கை விட்டன. அச்சொல் இரு நாள் முன்னர் வந்திருக்கலாகாதா?

மார்ச் 12 அன்று வைப்பாளர் அனைவருக்கும் முழுத்தொகை கிடைக்கும் என அரசு அறிவித்தது. பங்குதாரர்களுக்கு அப்பாதுகாப்பு இல்லை. எல்லா வேளையிலும் அரசு இவ்வாறு கைகொடுக்கும் என நாம் எண்ணியிருத்தல் ஆகாது.

ஆகவே அன்பர்களே, பதற்றம் வரும் நாளில் அன்று, அமைதியான நாளிலேயே நாம் விழிப்பாயிருப்போம். நம் நாட்டில் ஒரு வங்கியில் ஒருவரின் வைப்புக்குரிய காப்பீட்டு வரம்பு 2020இல் 5 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதனை அறிந்து பணத்தைப் பகிர்ந்து வைப்போம். பொதுநிதியைக் காப்போர் இதில் இருமடங்கு கவனம் கொள்ளட்டும். உறுதி செய்யாத செய்தியை ஒருவருக்கும் அனுப்பாதிருப்போம். ஐயம் எழுந்தால் முதலில் கிளைக்குச் சென்று கேட்போம். பணம் மட்டுமன்று, நம் நாவில் பிறக்கும் சொல்லும் அமானிதமே என்பதை நெஞ்சில் இருத்துவோம்.