வேகமானவரே வழிவிட வேண்டும்

இன்றைக்குத் தறியை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் பெற்றோர்களே, பட்டம் பெறும் மாணவச் செல்வங்களே,

விமானிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டி வரும் முதல் இந்தியருக்கு 500 பவுண்டு பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். 1930இல் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து கிளம்பினார். 17 வயது ஆஸ்பி எஞ்சினியர் எதிர்த்திசையில், இங்கிலாந்திலிருந்து வந்தார். எகிப்தில் அலெக்சாண்ட்ரியாவுக்குப் பக்கத்தில் இறங்கிய டாட்டா, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி தவித்து நிற்பதைப் பார்த்தார். போட்டியாளர்தானே என்று விட்டுப் போகவில்லை. தன்னிடம் உபரியாக இருந்த பிளக்குகளைக் கொடுத்தார். ஆஸ்பி பதிலுக்குத் தன் உயிர்காக்கும் மேலங்கியைக் கொடுத்தார். சில மணி நேர வித்தியாசத்தில் வென்றது ஆஸ்பிதான். பின்னாளில் அவர் இந்திய விமானப்படைத் தளபதி ஆனார். டாட்டா 1932இல் தொடங்கிய தபால் விமானம் கராச்சியிலிருந்து நம் சென்னை வரை வந்தது.

பிளக்கும் மேலங்கியும் கொடுத்துக்கொண்டது இருவரின் பெருந்தன்மை. ஆனால் வானத்தில் மரியாதையைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பன்னாட்டு விதிப்படி, முந்துகிற விமானம்தான் வலப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும்; முந்தப்படுபவர் தன் வழியிலேயே போகலாம். எஞ்சின் உள்ள விமானம் கிளைடருக்கு வழிவிட வேண்டும், கிளைடர் பலூனுக்கு. காற்று இழுத்த பக்கம் போகும் பலூனால் விலக முடியாது. விலக முடிந்தவர்தான் விலக வேண்டும். இதைவிட நியாயமான விதியை நான் அறியேன்.

விமானிகள் சிரித்துச் சிரித்துச் சொல்லும் கதை ஒன்று உண்டு. அமெரிக்க உளவு விமானமான எஸ்.ஆர்.-71ஐ ஓட்டிய பிரையன் ஷுல் எழுதியது. சின்னஞ்சிறு செஸ்னா ஒன்று தன் வேகம் என்னவென்று தரைக் கட்டுப்பாட்டைக் கேட்கிறது. 90 நாட். அடுத்து ஒரு பீச்கிராஃப்ட் கேட்கிறது. 125. உடனே கடற்படையின் எஃப்-18 குறுக்கே வந்து கேட்கிறது. 620. தன் வேகம் அதற்கே தெரியும். ஊர் கேட்கட்டும் என்றுதான் கேட்டது. அப்போது எஸ்.ஆர்.-71இன் பின்னிருக்கையிலிருந்து ஷுல்லின் சகா வால்டர் பணிவாகக் கேட்கிறார். பதில்: 1,842. அதன்பின் அலைவரிசையில் வேறு எந்த விமானியும் வாய் திறக்கவில்லை.

எல்லோரும் 1,842ஐத்தான் ரசிக்கிறார்கள். 90க்கும் 1,842க்கும் ஒரே குரலில் பதில் சொன்ன கட்டுப்பாட்டாளரைத்தான் எனக்குப் பிடிக்கும். அந்த நகைச்சுவை செஸ்னாவைக் குத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். சின்னவர்கள் முன்னால் பெருமையடிக்க வந்தவரைத்தான் குத்தியது. கேலியில் கண்ணியம் என்பது அதுதான்.

தறி நெய்யும் ஆரணிக்காரர்களுக்கு, வேகமானவர் மெதுவானவருக்கு வழிவிடும் இந்த நியாயம் புதிதல்ல. கையால் இயங்கும் குழித்தறியும் விசைத்தறியும் ஒரே வேகத்தில் நெய்வதில்லை. அதனால்தான் சில சேலை ரகங்கள் உட்படக் குறிப்பிட்ட துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்க வழிசெய்து 1985இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டத்தைக் காகிதத்தோடு விட்டுவிட்டு, விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று சொல்லி விற்பது அநியாயம். அதைத் துணிந்து சொல்லுங்கள்.

இனி நீங்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் அதற்கு அப்பாலும் போவீர்கள். உங்களைவிட மெதுவாகக் கற்கும் ஒருவர் பக்கத்து நாற்காலியில் இருப்பார். அவர் ஒரே கேள்வியை இரண்டாம் முறை கேட்டாலும், மேலதிகாரிக்குச் சொல்லும் அதே குரலில் பதில் சொல்லுங்கள். வாழ்த்துகள்.