வெள்ளம் வடிந்தபின் பச்சை தெரிந்தால் நட்டம் இல்லையா?

(வெல்லாவெளியில் வேளாண்மைக்காரர் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



சட்டத்தரணிகளுக்கு வயலிலே என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் நட்டம் உண்டான இடத்தில் வழக்கு உண்டு. வழக்கு உண்டானால் சாட்சியம் வேண்டும். நமது வயல்களில் நேரும் நட்டத்திற்கு முதற் சாட்சி நெற்பயிரே. அச்சாட்சி பேசும் மொழியை நாம் கவனியாது விட்டால், நமக்குரியதைக் கேட்டுப் பெறும் வழியையும் இழந்துவிடுவோம்.

2011 ஜனவரியிலே படுவான்கரை வெள்ளக்காடாயிற்று. 2024 நவம்பரிலும் அவ்வாறே. மனிதருக்கு இரண்டும் வெள்ளமே. பயிருக்கு இரண்டும் ஒன்றல்ல. முன்னையது வந்தபோது வேளாண்மை அறுவடையை நெருங்கியிருந்தது. பின்னையது வந்தபோது விதைத்துச் சில வாரங்களே ஆன இளம்பயிர். முற்றிய கதிர் நீரிற் சாய்ந்தால் மணி கதிரிலேயே முளைவிடும். அதை எவரும் கண்ணாற் காணலாம். இளம்பயிரின் கதை வேறு. மூழ்கியதும் அது மூச்சுக்காக மேலெழ முயல்கின்றது. இலையையும் தண்டையும் நீட்டி நீட்டி, உள்ளே சேர்த்துவைத்த மாச்சத்தையெல்லாம் செலவழித்துவிடுகின்றது. நீர் வடியும்போது கையிருப்பு ஏதுமில்லை. சில நாட்கள் பச்சையாக நிற்கும். பின்னர் துவண்டு விழும்.

ஒடிசா மாநிலத்தின் பழைய நெல்லிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்ட எப்.ஆர். 13 ஏ என்ற இனமோ நேர்மாறாக நடந்துகொள்கின்றது. நீருக்குள்ளே வளர்ச்சியை நிறுத்தி, ஏறக்குறைய இரண்டு வாரம் அடங்கிக் கிடந்து, நீர் வடிந்ததும் துளிர்க்கின்றது. இவ்வியல்புக்குக் காரணமான மரபணு 2006 இல் இனங்காணப்பட்டது. அதனைச் சுவர்ணா நெல்லிற் சேர்த்து 2009 இல் இந்தியா உழவருக்கு வழங்கியது.

வறட்சிக்கு வருவோம். வேர் காய்ந்ததும் பயிர் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றது. நீர் மிஞ்சுகின்றது, ஆனால் அதே துளைகளால் வரவேண்டிய காற்றுணவும் நின்றுபோகின்றது. தாகத்துக்கு அஞ்சிப் பட்டினி கிடக்கும் நிலை அது. இளமையில் இதனைத் தாங்கும் பயிர், குடலைப் பருவத்திலே தாங்காது; கதிர் முழுதாக வெளிவர முடியாமல் உறைக்குள்ளே சிக்கிக்கொள்ளும்.

சிறுபோகத்தில் ஆனி, ஆடி மாதங்களிலே மலைநாட்டைத் தாண்டி இறங்கிவரும் கச்சான் காற்றை உங்களுக்கு நாம் அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. நெற்பூ முற்பகலிலே ஒரு மணி நேரமளவே விரிந்திருக்கும். அவ்வேளை வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டினால் மகரந்தப்பை சரிவர வெடிக்காது, கரு கூடாது, மணி இருக்கவேண்டிய இடத்திற் பதர் மிஞ்சும். நவகிரிக் குளத்து நீர் வாய்க்காலிலே ஓடிக்கொண்டிருக்கும், வயலும் பச்சையாகவே இருக்கும். சூடு அடித்த பின்னரே நட்டம் தெரியும். இரவு வெக்கையும் இத்தகையதே. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் தன் வயல்களின் பதிவுகளை ஆராய்ந்து, இரவு வெப்பம் ஒரு பாகை ஏற விளைச்சல் பத்து வீதமளவு குறைந்ததென 2004 இல் வெளியிட்டது.

வாவியோர வயல்களின் உவரைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்வோம். அதற்கு ஏ.ரி. 354, பீ.ஜீ. 369 போன்ற இனங்கள் நம் நாட்டிலேயே உண்டு. கேட்டு வாங்குவதே மிச்சம்.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1999 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சட்டம் நம்மிடம் இருக்கின்றது. 2024 வெள்ளத்தின்பின் ஏக்கருக்கு 40,000 ரூபா வரை இழப்பீடு என அரசாங்கம் அறிவித்தது. நல்லதே. ஆயினும் வெள்ளம் வடிந்த மறுநாள் வரும் உத்தியோகத்தர் காண்பது எதனை? பச்சையை! அப்பச்சை பத்து நாளில் மடியுமென்பதை அவருக்கு யார் எடுத்துரைப்பது? வேனிலில் விளைந்த பதருக்கு எந்த நாளை நட்டம் நேர்ந்த நாளென்று விண்ணப்பத்தில் எழுதுவது? பயிர் அறிவியல் சொல்வதைக் காப்புறுதி முறை ஏற்கவேண்டும். ஒருமுறை பார்ப்பது போதாது, இரண்டு வாரங்கழித்து மறுமுறையும் பார்க்கவேண்டும். பூக்கும் நாட்களில் அடித்த வெக்கையும் நட்டக் காரணமாக எண்ணப்படவேண்டும். இது யாசகமன்று, உரிமைக் கோரிக்கை.

கோரிக்கைக்குப் பதிவு வேண்டும். கண்டந்தோறும் வட்டவிதானையிடம் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். விதைத்த நாள், இனம், குடலை கண்ட நாள், பூத்த நாள், நீர் ஏறிய நாள், வடிந்த நாள் ஆகியவற்றை அவ்வப்போதே எழுதி, விவசாயப் போதனாசிரியரின் ஒப்பத்தையும் பெற்றுவையுங்கள். போடியாரின் வயலுக்கு மட்டுமன்றிக் குத்தகைக்காரனின் அரை ஏக்கருக்கும் அதிலே ஒரு வரி இருத்தல் வேண்டும். நீர் இருவர் வயலிலும் ஒரே நாளிலேதான் ஏறுகின்றது. விண்ணப்பங்களை எழுதித்தரும் பொறுப்பு எம்மைச் சார்ந்தது. அடுத்த பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில், விதைப்புத் திகதி தீர்மானிக்கப்படும் அந்த மேசையிலேயே, இக்குறிப்பேட்டையும் பிரேரணையாகக் கொண்டுவருவோம்.