அம்மம்மாவின் கொப்பி
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் அம்மம்மா, அம்மா, நாங்கள் மூன்று சகோதரிகள் என ஒரே குடும்பத்தில் ஐவர் இக்கல்லூரியில் படித்தோம். அம்மம்மாவைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது மூவரும் சேர்ந்தே இவ்வுரையை எழுதினோம். அவர் பரிசுப் பலகையில் பெயர் வந்தவர் அல்லர். குடும்பநல மருத்துவமாதுவாக வேலை பார்த்தவர்.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் மருந்துக்கும் பெருந்தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் இச்சபையில் பலர். அதே வெளிச்சத்தில்தான் அம்மம்மா பிள்ளைப்பேறு பார்த்தார். எங்கள் வீட்டில் உடுப்புத் தோய்க்கப் பனம்பழம்; கிடைத்த சவர்க்காரக் கட்டி அவரது பைக்கு. புது பிளேடும் அவித்த நூலும் அந்தப் பையில் எப்போதும் இருக்கும். ஷெல்லடிக்கும் இரவிலும் யாராவது படலையில் நின்று கூப்பிட்டால் சைக்கிளை எடுத்துவிடுவார்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மழையில், நாவற்குழிப் பாலத்து நெரிசலில், எங்களில் ஒருத்தியைச் சைக்கிள் கரியரில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தார். ஹான்டிலில் அந்தப் பை தொங்கியது. பாடசாலைகளிலும் கோயில் மடங்களிலும் மரங்களின் கீழும் சனம் தங்கியிருந்த அந்த மாதங்களில் ஓய்வு என்ற சொல்லை அவர் மறந்துபோனார்.

ஒவ்வொரு பிறப்பையும் ஒரு கொப்பியில் எழுதினார். திகதி, நேரம், இடம், தாய் தகப்பன் பெயர், பிள்ளை ஆணா பெண்ணா, பிரசவம் பார்த்தவர் யார் என்று கோடு போட்ட நிரல்கள். அந்தக் குண்டு எழுத்தை இக்கல்லூரியில்தான் பழகினார். பிள்ளை பிறந்து 42 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். இடம்பெயர்ந்து நின்ற பலரால் அது முடியவில்லை. 1996இல் ஊர் திரும்பிய பின், காலங்கடந்த பதிவுக்காக அலைந்த தாய்மார் எங்கள் திண்ணைக்கு வந்தார்கள். அம்மம்மா கொப்பியைப் பார்த்துக் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பார். தேவைப்பட்டால் கூடவும் போவார்.

இதற்கு வீடு கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். எங்கள் இளைய தங்கை அந்த நவம்பரில் சாவகச்சேரியில் ஒரு வகுப்பறையில் பிறந்தாள். அம்மா வலியில் கூப்பிட்டபோது அம்மம்மா அடுத்த ஊரில் வேறொரு தாயின் பக்கத்தில் இருந்தார். அந்த அறையில் தங்கியிருந்த ஓர் ஆச்சிதான் பிள்ளையை ஏந்தினார். "ஊருக்கெல்லாம் மருத்துவிச்சி, எனக்கு இல்லை" என்று அம்மா பல வருடம் சொல்லியிருக்கிறார். அம்மம்மா ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

அவர் காலமான பின் அம்மா கொப்பியைப் புரட்டினார். தங்கையின் பிறப்பும் அதிலிருந்தது. பிரசவம் பார்த்தவர் என்ற நிரலில் அந்த ஆச்சியின் பெயர். அருகே சிறிய எழுத்தில், "என் மகள். நான் போய்ச் சேர மூன்று மணித்தியாலம் பிந்திவிட்டது." வேறெந்த வரியிலும் அவர் தன்னைப் பற்றி ஒரு சொல்லும் எழுதியிருக்கவில்லை. அம்மா நெடுநேரம் அந்தப் பக்கத்தை மூடாமல் வைத்திருந்தார்.

அந்நாட்களில் பிறந்தவர்கள் இன்று பல நாடுகளில் வாழ்கிறார்கள். அவர்களை ஏந்திய கைகளில் எத்தனை இக்கல்லூரியின் கைகளோ! தாதியராகவும் ஆசிரியராகவும் சமையற்கட்டில் நின்றும் அக்காலத்தைத் தாங்கிய பழைய மாணவிகள் உங்கள் வீடுகளிலும் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். அவர்களுடைய பிள்ளைகளிடமும் கேளுங்கள். காத்திருந்தவர்களின் கதையும் அதில் சேரட்டும்.