தளை தட்டும் நெஞ்சு

(தலைப்பு: இதயத்தின் தாளத்தைக் கெடுப்பது காப்பியா? கவலையா? 'கவலையே' என்ற அணியில்.)



எதிரணித் தலைவர் அம்மையார் ஓர் அடி அடித்தார்கள். "பேராசிரியருக்கு இதய நோய் இருக்கிறது, இடைவேளையில் அவர் காப்பி குடித்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்" என்றார்கள். (சிரிப்பு) ரெண்டும் உண்மை. நோயும் உண்மை, காப்பியும் உண்மை. என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள். ஏறினது ஏறியாச்சு, சாட்சியத்தை முழுசாச் சொல்லிடறேன்.

நான் முப்பது வருஷமாக யாப்பிலக்கணம் நடத்துகிறவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் என் ஈ.சி.ஜி. தாளை விரித்து, "சார், இந்த இடைவெளிகளைப் பாருங்க. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லை" என்றார். நான் பார்த்தேன். "தளை தட்டுதுங்கிறீங்க?" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். மூளைக்கும் ஒரு படம் எடுக்கணுமோ என்று யோசித்திருப்பார். (சிரிப்பு)

இதயத்தின் வலது மேலறையில் ஒரு சின்ன முடிச்சு இருக்கிறது. 1907-இல் ஆர்தர் கீத், மார்ட்டின் ஃபிளாக் என்ற இருவர் அதைக் கண்டு எழுதினார்கள். அதுதான் தாளம் போடுகிற ஆசாமி. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை. கச்சேரியில் ஒருத்தர் தாளம் போட்டால் பாட்டு. சபையில் இருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு தாளம் போட்டால்? மேலறை சுருங்காது, நடுங்கும். நிமிடத்துக்கு 300-க்கும் மேலே நடுக்கம். இதற்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். நடுங்குகிற அறையில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும். உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். இந்த நோய் உள்ளவனுக்கு அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

எனக்கு அது வந்த மாதத்தைச் சொல்கிறேன். பகலில் விடைத்தாள் திருத்துகிறேன். ராத்திரி பஸ்ஸில் தூத்துக்குடி, மறுநாள் ராத்திரி ஈரோடு, அடுத்த நாள் காரைக்குடி. மூன்று ஊரிலும் மேடை. பெண் கல்யாணத்துக்கு வாங்கின கடனுக்கு ஐந்தாம் தேதி வட்டி. ரத்தக் கொதிப்பு மாத்திரை சட்டைப் பையில் பத்திரமாக இருக்கிறது, வயிற்றுக்குள் போகவில்லை. இத்தனையும் நடந்திருக்கு. வீட்டில் என்ன தீர்ப்பு? "எல்லாம் அந்தப் பாழாப்போன காப்பியாலதாங்க!" ஃபில்டர் பரணுக்குப் போய்விட்டது.

நடுவர் அவர்களே, நான் எதிர்க்கவில்லை. உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஏன் தெரியுமா? காப்பியை விடலாம். கடனை விட முடியுமா? மேடையை விட மனசு வருமா? விடக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதன் தலையில் பழியைப் போட்டேன். (கைதட்டல்) கைதட்டாதீங்க, இனிமேல்தான் வெட்கக்கேடு இருக்கு.

காப்பியை விட்டு ரெண்டு மாதம் நெஞ்சு அமைதியாக இருந்தது. "நோய்க்குக் காரணமே போயாச்சு, மாத்திரை எதுக்கு?" என்று ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை நானாக நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் வகுப்பில் வெண்பாவுக்கு அலகிடச் சொல்லித் தருகிறேன். 'நிரையசை' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. நாக்கு ஈரத் துணி மாதிரி கிடக்கிறது. பிள்ளைகள் ஐயா வேடிக்கை காட்டுகிறார் என்று சிரித்தார்கள். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். இருபது நிமிஷம், நடுவர் அவர்களே! பேச்சை விற்றுச் சோறு தின்கிறவனுக்கு இருபது நிமிஷம் பேச்சு இல்லை. பிறகு தானாகத் திரும்பி வந்தது. பலருக்குத் திரும்புவதில்லை.

டாக்டர் கேட்டார், "காப்பி குடிச்சீங்களா?"

"நாலு மாசமா வாசனை கூடப் பிடிக்கலை."

"மாத்திரை?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது எதிரணியின் ஆதாரத்துக்கு வருகிறேன். காஃபீன் என்ன செய்கிறது? உடம்பிலே அடினோசின் என்று ஒன்று, 'போதும், படு' என்று சொல்லும். காஃபீன் போய் அதன் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் விழிப்பு. 2023-இல் அமெரிக்காவில் 100 பேரை இரண்டு வாரம் ஒருநாள் குடி, ஒருநாள் குடிக்காதே என்று வைத்துப் பார்த்தார்கள். மேலறையில் தப்புத் துடிப்பு குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறையில் கூடியது, தூக்கமும் அரை மணிக்கு மேல் குறைந்தது. இதை நான் மறைக்க மாட்டேன், எதிரணிக்கே கொடுத்துவிடுகிறேன். ராத்திரி பத்து மணிக்குக் குடிக்கிறவருக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் 2025-இல் வந்தது பாருங்கள். என்னைப் போல தாளம் கெட்டு, மின் அதிர்வு கொடுத்துச் சரிசெய்யப்பட்ட 200 பேர். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா. பாதிப் பேர் தினம் ஒரு கோப்பையாவது குடிக்க வேண்டும், பாதிப் பேர் தொடக் கூடாது. ஆறு மாதத்தில் தொடாதவர்களில் 64 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. குடித்தவர்களில் 47 சதவீதம். (கைதட்டல்) அங்கே குடித்தது நம்ம வீட்டு முதல் டிகாஷன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடித்தால் நெஞ்சு படபடக்கிறவர்கள் என் பேச்சைக் கேட்டுக் குடிக்காதீர்கள். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

கவலை என்ன செய்யும்? புலி துரத்தினால் ஓடுவதற்காக உடம்பு அட்ரினலினைச் சுரக்கிறது. துடிப்பு ஏறும், அழுத்தம் ஏறும். புலி போனால் அடங்கிவிடும். ஐந்தாம் தேதி வட்டி எங்கேய்யா போகும்? அது மாதாமாதம் வருகிற புலி. அந்தப் புலியோடு தூங்காத ராத்திரியும், அழுத்தமும், சிலருக்குக் குறட்டையும் மதுவும் சேர்ந்துகொள்கின்றன. அத்தனையும் வீட்டுக்குள் இருக்க, வாசலில் நின்ற காப்பியைப் பிடித்துக் கட்டிவைத்து அடிக்கிறார்கள் எதிரணியினர்!

நடுவர் மணியைக் கையில் எடுத்துவிட்டார். ஃபில்டர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. காலையில் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று. ராத்திரி பஸ் மேடைகளை ஒப்புக்கொள்வதில்லை. இன்னொரு வட்டி பாக்கி இருக்கிறது. இப்போது மணி எட்டே முக்கால். எட்டரைக்குப் போட வேண்டிய மாத்திரை பையிலே கிடக்கு. முன் வரிசையிலிருந்து என் வீட்டுக்காரி பத்து நிமிஷமாகச் சைகை காட்டுவது அதற்குத்தான். (சிரிப்பு) தண்ணீர் யாராவது கொடுங்கய்யா.