பழைய குட்டி யானையின் சத்தம்

2005-ல் வெளிவந்த டாட்டா ஏஸ் வண்டியைப் பழையதாக வாங்கி, பாகூர், வில்லியனூர்ப் பக்கம் நெல் மூட்டை ஏற்றுவோர் உங்களிலும் உண்டு. முதலில் வந்த வண்டிகளில் இரண்டே சிலிண்டர் டீசல் என்ஜின். பிறவியிலேயே சற்றுக் கடகடக்கும். அதற்குப் பயப்பட வேண்டாம். புதிதாகக் கிளம்பும் சத்தத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடும் என்ஜின் மீதும், பிடியைக் காதிலும் வைத்துக் கேளுங்கள். தோள் துண்டை எடுத்துவிடுங்கள், பெல்ட்டில் சிக்கிக்கொள்ளும். மேலே ‘டிக் டிக்’ என்றால் டேப்பட் இடைவெளி கூடியிருக்கலாம். மெக்கானிக்கிடம் சொன்னால் சரிசெய்துவிடுவார். அடியில், பாரம் ஏற்றி இழுக்கும்போது ‘தொம் தொம்’ என்று இடித்தால் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். உலோகத் துகள் மின்னினால் வண்டியை எடுக்காதீர்கள். பேரிங்கோடு போகவேண்டிய செலவு கிராங்க் ஷாப்ட் வரை போய்விடும்.

விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் சரி, வாங்கியவுடன் ஆயிலையும் ஆயில் பில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். டீசல் பில்டர், ரேடியேட்டர் தண்ணீர், பெல்ட் ஆகியவற்றை அடுத்துப் பாருங்கள். அறுவடைக் காலப் புழுதியில் ஏர் பில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். ஓடும்போது ஆயில் விளக்கு எரிந்தால், வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அங்கேயே என்ஜினை நிறுத்திவிடுங்கள்.