குழந்தை மருத்துவரும் நம் வாலிபப் பிள்ளைகளும்

(பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

குழந்தை மருத்துவர் என்றதும் தடுப்பூசியும் சளி மருந்தும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைக்கு மீசை அரும்பியதும் அவரிடம் அழைத்துச் செல்வதை நிறுத்திவிடுகிறோம். போதைப் பொருள் பிள்ளையைத் தேடி வருவதோ அந்த வயதில்தான்.

அமெரிக்காவில் நிகழ்ந்ததைப் பாருங்கள். அங்கே 14 முதல் 18 வயது வரை உள்ளோரில் 2019ஆம் ஆண்டு 492 பேர் போதைப் பொருள் அளவு மீறியதால் மாண்டனர். 2020இல் அத்தொகை 954 ஆயிற்று. இத்தனைக்கும் போதைப் பொருளை நாடிய மாணவர் தொகை அவ்வாறு இரட்டிக்கவில்லை. பொருள்தான் மாறியது. வலி மாத்திரையைப் போன்றே வார்த்து, உள்ளே ஃபென்டனில் கலந்த போலி மாத்திரைகள் கைப்பேசி வழியே விற்கப்பட்டன. ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுடையது. ஆகவே அடிமையாகாத பிள்ளையும் ஒரே மாத்திரையில் மாண்டுபோகக் கூடும்.

அங்குள்ள குழந்தை மருத்துவர் பெற்றோரைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியே பேசுகிறார். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவான 'கிராஃப்ட்' என்னும் வினாத்தொகுதி இதற்கு உதவுகிறது. போதையிலிருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, தனிமையில் உட்கொள்வதுண்டா, செய்தது மறந்துபோவதுண்டா என்று அது கேட்கிறது. காவல் நிலைய விசாரணையன்று இது. விடைக்கேற்ப ஆலோசனையோ சிகிச்சையோ தொடங்குகிறது. ஓபியாய்டுக்கு அடிமைப்பட்ட வாலிபர்களுக்குப் புப்ரெனார்பின் போன்ற மருந்துகளால் சிகிச்சையளிக்க முன்வருமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது.

"என் பிள்ளையிடம் எனக்குத் தெரியாமல் என்ன பேச்சு?" என நம்மில் பலர் சினம் கொள்வோம். பிள்ளை சொன்னது மருத்துவரிடம் அமானிதம். உயிருக்கு ஆபத்து என்று கண்டால் பெற்றோரிடம் சொல்ல நேரும் என்பதை அவர் பிள்ளையிடம் முன்கூட்டியே கூறிவிடுகிறார். மற்றவற்றை நாம் துருவிக் கேட்டால், அடுத்த முறை பிள்ளை வாய் திறக்காது. வாப்பாவிடம் சொல்ல அஞ்சுகிற பிள்ளை மருத்துவரிடமாவது சொல்லட்டுமே! மானத்திற்கு அஞ்சி ஜனாஸா வரை மறைப்பது எவ்வகையில் நியாயம்?

இன்னொன்றும் உண்டு. அந்நாட்டில் 2019 ஜூலை முதல் 2021 டிசம்பர் வரை இவ்வாறு இறந்த இளையோர் பற்றிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் இருவர் இறக்கையில் அருகில் எவரேனும் இருந்தது தெரிந்தது. பெரும்பாலோர் உதவி எதுவும் செய்யவில்லை. நின்ற மூச்சை மீட்கும் நலோக்சோன் மருந்தை மூக்கில் பீய்ச்சும் முறையைப் பெற்றோருக்குக் கற்பிப்பதும் மருத்துவர் பணியாயிற்று. 2023 முதல் அங்கு அது மருந்துச்சீட்டின்றியே விற்கப்படுகிறது.

தமிழகத்திலும் டேபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் கேடு பரவியிருப்பதைச் செய்திகளில் காண்கிறோம். அறுவை சிகிச்சைக்குப் பின் எஞ்சிய மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள். அடுத்த முறை மகனுடன் மருத்துவரிடம் செல்கையில், அவர் சொல்வதற்கு முன் நீங்களே எழுந்து வெளியே அமருங்கள். பிள்ளை எழுப்பியும் எழாமல், உதடு நீலம் பாய்ந்து, குறட்டை போல மூச்சுத் திணறினால் உடனே 108ஐ அழையுங்கள். பக்கவாட்டில் கிடத்துங்கள். அக்கம்பக்கத்தார் அறிந்துவிடுவார்களே என்று ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.